ஒரே படம் பத்து அருங்காட்சியகங்களில் இருந்தால், அசல் எது?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஜப்பானிய மர அச்சுப் படங்களின் கண்காட்சிக்கு மகளோடு போயிருக்கிறீர்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின், உலகமே அறிந்த 'பேரலை' ஒரு விரித்த நோட்டுப் புத்தக அளவுதான் என்பது உங்களுக்கு ஏமாற்றம். அறையோ விளக்கு வைக்கும் நேரத்து வீடுபோல மங்கிக் கிடந்தது. இதே படம் லண்டனிலும் நியூயார்க்கிலும் போஸ்டனிலும் 'அசல்' என்றே சொல்லப்படுவதைக் கண்ட மகள், "அப்படியானால் நாம் பார்த்தது அசலா, நகலா?" என்று கேட்டிருக்கிறாள். கடைசி வரியில், உங்கள் மாமனார் வீட்டுச் சுவரில் நாற்பது ஆண்டுகளாகத் தொங்கும் ஜப்பானியப் படத்தையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதில் இருப்பது தாஜ் மகால் என்பதால் அது போலியாகத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, 'அசல்' என்ற சொல்லுக்கு இந்தக் கலையில் என்ன பொருள் என்பதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். மாமனாரின் படத்துக்குக் கடைசியில் வருகிறேன். அந்த முடிவை அதுவரை தள்ளிவையுங்கள்.

நான் காகிதச் சீரமைப்பு வேலை செய்பவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிழிந்த, பூச்சி அரித்த, வெளிறிப்போன காகிதங்களோடுதான் என் பகல் கழிகிறது. அவற்றில் ஜப்பானிய அச்சுப் படங்கள் கணிசமான பங்கு. நான் கலை வரலாற்றாசிரியன் அல்லன். ஒரு படம் எவ்வளவு அழகு, எந்த மரபைச் சேர்ந்தது என்பதை மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். காகிதம், மை, கட்டை, ஒளி ஆகிய நான்கைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேச முடியும்.

மகளின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்: நீங்கள் பார்த்தது அசல். நியூயார்க்கில் இருப்பதும் அசல். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திடம் மட்டும் 'பேரலை' மூன்று பிரதிகள் இருக்கின்றன, மூன்றும் அசல். ஓவியம் என்றதும் ஒரு கை, ஒரு துணி, ஒரே ஒரு பொருள் என்று நினைத்துப் பழகிவிட்டதால் இது நம்மைக் குழப்புகிறது. ஒரு புத்தகத்தின் முதல் பதிப்பில் ஆயிரம் பிரதிகள் இருந்தால், அவற்றில் எது அசல் என்று யாரும் கேட்பதில்லை. ஹொகுசாயின் படமும் பிரதிகளாக விற்கவே பிறந்தது. எடோ என்று அப்போது அழைக்கப்பட்ட டோக்கியோவில் அதன் விலை இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலையை ஒட்டித்தான் இருந்தது. வாங்கியவர்கள் அதைப் பெரும்பாலும் சுவரில் மாட்டவில்லை. கையில் ஏந்திப் பார்த்தார்கள், பெட்டியில் வைத்தார்கள், தோழிக்குக் கொடுத்தார்கள். அளவைப் பார்த்து நீங்கள் ஏமாந்ததற்கான காரணமும் அதுதான். சுமார் 25 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம்: இரு கைகளால் பிடித்து, முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்ப்பதற்கான அளவு அது. சுவரொட்டியாகவும் குவளையாகவும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது சிறியது.

இன்னொரு வகை அசலையும் நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம்: ஹொகுசாய் தன் கையால் தீட்டிய மூல ஓவியம். அது எங்கும் இல்லை. தொலைந்துபோகவில்லை, வேலையின் போக்கிலேயே அழிந்துபோனது. ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டுப் படம் வரைவார். செதுக்குபவர் அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையின் மேல் முகம் கவிழ்த்து ஒட்டுவார். தாளின் பின்பக்கத்தைத் தேய்த்து மெலிதாக்கினால் கோடுகள் இடவலம் மாறித் தெரியும். அந்தக் கோடுகளை மேடாக நிறுத்தி, மற்ற இடங்களை உளியால் எடுத்துவிடுவார். செதுக்கல் முடியும்போது ஓவியரின் தாள் சிராய்களோடு சிராயாகப் போய்விட்டிருக்கும். இப்படிக் கிடைப்பது கோட்டுக்கட்டை. அதிலிருந்து சில பிரதிகள் எடுத்து, அவற்றில் ஓவியர் எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று குறித்துக் கொடுக்க, நிறங்களுக்கான கட்டைகள் தனித்தனியே செதுக்கப்படும். இதற்கெல்லாம் முதல் போட்டவர் பதிப்பாளர். 'பேரலை'க்கு அவர் நிஷிமுராயா யோஹாச்சி. ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர் என்று நான்கு பேர் சேர்ந்து செய்த பொருளில் ஒருவர் கையெழுத்துத்தான் நமக்குத் தெரிகிறது என்பது எனக்கு எப்போதும் மனக்குறை.

அச்சிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரதிக்குப் பிரதி வேறுபாடு பிறப்பது அங்கேதான். நம் ஊரில் துணிக்கு அச்சு வைக்கும்போது, கட்டையைச் சாயத்தில் தொட்டு மேலிருந்து துணியில் அழுத்துகிறோம். ஜப்பானில் நேர்மாறு: கட்டை மல்லாந்து கிடக்கும், தாள்தான் அதன்மேல் இறங்கும். டோக்கியோவில் ஓர் அச்சுக் கலைஞர் பக்கத்தில் சில நாட்கள் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஈரப்பதம் ஏற்றிய தாள்கள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. அவர் கட்டையில் மையைத் தொட்டு வைத்தார், பக்கத்தில் ஒரு துளி அரிசிப் பசை. இரண்டையும் குதிரைமயிர்த் தூரிகையால் கலந்து பரப்பினார். பிறகு தாளை எடுத்து, வலது மூலையைக் கட்டையில் வெட்டியிருந்த ஒரு சிறு மூலைப் பள்ளத்தில் பொருத்தி, கீழ் ஓரத்தின் இடப்பகுதியை இன்னொரு நேர்ப் பள்ளத்தில் உட்கார வைத்து, மெல்லக் கைவிட்டார். கென்டோ எனப்படும் இந்த இரண்டு பள்ளங்கள்தான் எல்லா நிறங்களையும் மயிரிழை பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார வைக்கின்றன. அடுத்து, மூங்கில் மடல் போர்த்திய, பாரென் என்ற வட்டமான தேய்ப்பானால் தாளின் முதுகைத் தேய்த்தார். உள்ளங்கை மட்டுமல்ல, தோளும் இடுப்பும் சேர்ந்து அசைந்தன. தாளை உரித்தெடுத்தபோது நீலம் தாளின் மேல் அப்பியிருக்கவில்லை, நாருக்குள் இறங்கியிருந்தது. இத்தனைக்குப் பின் ஒரு நிறம்தான் முடிந்திருந்தது. அடுத்த நிறத்துக்கு அடுத்த கட்டை, மீண்டும் அதே பொருத்தம், அதே தேய்ப்பு.

ஆகவே ஒவ்வொரு பிரதியும் ஒரு கையின் உழைப்பு. மை எவ்வளவு, ஈரம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்பது தாளுக்குத் தாள் சற்று மாறும். கட்டையும் தேயும். 'பேரலை'யில் இதை நீங்களே பார்க்கலாம். படத்தின் இடப்பக்க மேல் பகுதியில், தலைப்பு எழுதிய ஒரு செங்குத்துக் கட்டம் இருக்கிறது. பக்கத்தில் 'ஹொகுசாய், பெயர் மாற்றி இட்சு, வரைந்தது' என்ற பொருளில் கையெழுத்து. அந்தக் கட்டத்தின் இரட்டைக் கோடுகளைக் கவனியுங்கள். தொடக்க காலப் பிரதிகளில் அவை முழுதாக ஓடும். பிந்தியவற்றில் இடப்பக்கக் கோடு அறுந்து நிற்கும். மேடாக நின்ற அந்த மெல்லிய மர வரப்பு தேய்ந்து உடைந்ததன் சுவடு அது. ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்து எது முந்தியது என்று சொல்வதற்கு, இப்படிப்பட்ட முறிவுகளே எங்களுக்குக் கிடைக்கும் நம்பகமான சாட்சி. நிறத்தை வைத்துச் சொல்வது அபாயம், ஏனென்றால் நிறம் பின்னால் மாறியிருக்கலாம். உடைந்த கட்டைக் கோடோ தானாகக் கூடிவிடாது.

எது உறுதி, எது ஊகம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் மியூசிய விஞ்ஞானி ஒருவர் உலகெங்கும் தேடி, எஞ்சியிருக்கும் 'பேரலை'ப் பிரதிகள் நூற்றுக்கும் சற்று மேற்பட்டவற்றை அடையாளம் கண்டு, அவற்றின் முறிவுகளை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறார். இது கண்ணால் பார்த்துச் செய்த வேலை, இதை நம்பலாம். மொத்தம் எத்தனை அச்சிடப்பட்டன என்பதற்கோ பதிப்பாளரின் கணக்கேடு எதுவும் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஒரு தடவைக்கு 200 தாள் அச்சிடும் வழக்கத்தையும் கட்டையின் தேய்மானத்தையும் வைத்துப் போட்ட மதிப்பீடுதான் அது. 5,000 என்றோ 8,000 என்றோ திட்டவட்டமாக எழுதியிருந்தால் அதை ஊகம் என்றே படியுங்கள். ஆண்டும் அப்படித்தான். படத்தில் தேதி இல்லை. 'பேரலை' இடம்பெறும் 'ஃபுஜியின் முப்பத்தாறு காட்சிகள்' வரிசை 1830களின் தொடக்கத்தில் வெளிவந்தது என்பதும், விற்பனை சூடுபிடித்ததால் இன்னும் 10 படங்கள் சேர்ந்து 46 ஆனது என்பதும் உறுதி. 'பேரலை' 1831-ஆ அதற்கு ஓரிரு ஆண்டு முன்பின்னா என்பதில் அருங்காட்சியகத்துக்கு அருங்காட்சியகம் விளக்க அட்டை மாறும். இரண்டு அட்டையில் இரண்டு ஆண்டு பார்த்தால் யாரோ தவறிழைத்தார்கள் என்று எண்ண வேண்டாம்.

ஹொகுசாய்க்குப் பிந்திய இன்னொரு அச்சுப்பட ஓவியரான ஹிரோஷிகேயிடம் இந்தச் சிக்கல் குறைவு. அவருடைய 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசையில் தணிக்கை முத்திரையோடு ஆண்டும் மாதமும் குறித்த முத்திரையும் இருக்கும். பாலத்தின் மேல் திடீர் மழையில் ஆட்கள் குனிந்து ஓடுகிறார்களே, வான் கோ 1887-இல் பாரிஸில் எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்த படம், அது 1857-ஐச் சேர்ந்தது என்று தயங்காமல் சொல்லலாம். உங்கள் கண்காட்சியில் அது இருந்திருந்தால் மழைக்கோடுகளை நினைத்துப் பாருங்கள். தாளில் மெல்லிய கறுப்பு இழையாகத் தெரியும் ஒவ்வொரு கோடும், பலகையில் இருபுறமும் மரத்தை எடுத்துவிட்டு நடுவில் நிறுத்திய ஒரு மெல்லிய வரப்பு. அத்தனை கோடுகளும் ஏறத்தாழ ஒரே சாய்வில், ஒன்றுகூட நடுவில் சிதையாமல். செதுக்கியவர் ஒரு மூச்சில் ஒரு கோடு இழுத்திருக்க வேண்டும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். மேலே கவிந்திருக்கும் கருமேகமோ செதுக்கப்பட்டதே அல்ல. சமமான பலகையில் அச்சிடுபவர் ஈரத்தையும் மையையும் கையாலேயே கரைத்து விட்டது. எனவே எந்த இரண்டு பிரதியிலும் அந்த மேகம் ஒன்றுபோல் இராது. சிலவற்றில் அது மழையாகவே இறங்கும், சிலவற்றில் மேல் ஓரத்துப் பட்டையாக நின்றுவிடும். ஓவியர் உயிரோடிருந்து மேற்பார்த்த முதல் அச்சுகளில் இந்த அக்கறை அதிகம்; விற்பனை பெருகப் பெருகப் பதிப்பாளர் நேரத்தைச் சுருக்கினார். எல்லாப் பிரதிகளும் அசல்தான், ஆனால் எல்லாம் சமம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது இருட்டு. உங்களுக்கு அது வசதிக் குறைவாகப் பட்டிருக்கிறது. எங்களுக்கு அது படத்தின் ஆயுள். இந்தப் படங்களின் நிறங்கள் பெரும்பாலும் செடியிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்தவை, அவற்றின் பெயர்கள் நமக்கும் அந்நியமல்ல. அவுரி நீலம். குசும்பப் பூவின் சிவப்பு. அரிதாரத்தின் மஞ்சள். ஈயச் செந்தூரத்தின் ஆரஞ்சு. இவற்றோடு இன்னொரு நீலம்: நம் வயல் வரப்பில் கானாவாழை என்று பறிக்கிறோமே, அந்தக் குடும்பத்துச் செடி ஒன்றின் பூவிலிருந்து பிழிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் படங்களின் ஆறும் வானமும் அந்த நீலத்தில்தான் இருந்தன. ஒரு சொட்டு நீர் பட்டால் கரையும். வெளிச்சம் பட்டால் வெளிறி மங்கிய மஞ்சளாகும். பழைய படங்களில் வானம் தேநீர் நிறத்தில் இருப்பதைப் பார்த்து 'ஜப்பானியரின் அடக்கமான வண்ண ரசனை' என்று புகழ்ந்தவர்கள் உண்டு. அவர்கள் புகழ்ந்தது ரசனையை அல்ல, வெளிறிப்போன சாயத்தை.

ஒரு முறை என் மேசைக்கு ஒரு படம் வந்தது. கிமோனோ உடுத்திய பெண். ஆடை முழுக்கச் சாம்பல் கலந்த பழுப்பு. பல காலம் ஒரு வீட்டின் வரவேற்பறையில், சன்னலுக்கு எதிரே இருந்ததாம். சட்டத்தைப் பிரித்து, படத்தின் ஓரங்களை மூடியிருந்த அட்டையை மெல்லத் தூக்கினேன். அட்டைக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு நகத்தின் அகலமுள்ள பட்டையில் அந்த ஆடை ஊதா நிறத்தில் இருந்தது. கத்தரிப் பூவின் ஊதா. கோடு போட்டது போல ஒரு பக்கம் ஊதா, மறு பக்கம் பழுப்பு. கொண்டுவந்த அம்மையார் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "இதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?" என்று கடைசியில் கேட்டார். முடியாது. கிழிசலை ஒட்டலாம், கறையை ஓரளவு கழுவலாம், பூச்சித் துளையை அதே வகை நாரால் அடைக்கலாம். ஒளி தின்ற சாயத்தை மீட்க எந்த வழியும் கிடையாது.

அதனால்தான் கண்காட்சி அறைகளில் ஒளியை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) அளவில் கட்டி வைக்கிறார்கள். சாதாரண அலுவலக மேசையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும், வெளியே நல்ல வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போகும் கணக்கு: 50 லக்ஸில் பத்து மணி நேரம் வைப்பதும் 500 லக்ஸில் ஒரு மணி நேரம் வைப்பதும் ஏறத்தாழ ஒரே செலவு. குறைந்த ஒளி சேதத்தைத் தடுப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. ஆகவே சில மாதங்கள் காட்டினால் பல ஆண்டுகள் இருட்டுப் பெட்டியில் ஓய்வு கொடுப்பது வழக்கம். 2017-இல் பிரிட்டிஷ் மியூசியம் நடத்திய ஹொகுசாய் கண்காட்சியை நடுவில் ஜூலை மாதம் சில நாட்கள் மூடி, ஒளி தாங்காத படங்களை எடுத்துவிட்டு வேறு படங்களை மாட்டினார்கள். டோக்கியோவில் ஹொகுசாய் பிறந்த சுமிதா பகுதியில் 2016-இல் திறந்த அவர் பெயரிலான அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடத்திலேயே நுட்பமான நகல்களைத்தான் வைத்திருக்கிறார்கள். அசல்கள் சிறப்புக் காட்சிகளுக்கு முறைவைத்து வெளிவரும். எல்லாவற்றுக்கும் உச்சம் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சேகரிப்பாளர்களான ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921-இல் சுமார் 6,500 அச்சுப் படங்களை அதற்குக் கொடுத்தார்கள். பொதுக் காட்சிக்கு ஒருபோதும் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அது மீறப்படவில்லை. அந்த ஊதாவும் கானாவாழை நீலமும் தொடக்கத்தில் எப்படி இருந்தன என்பதை இன்று நாம் அறிந்திருப்பதில் அந்தப் பெட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. யாரும் பார்க்காத கலை எதற்கு என்று கேட்பவர்களின் கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த அம்மையாரின் படத்தைப் பிரித்த பிறகு நான் சகோதரர்கள் பக்கம்தான்.

'பேரலை' இந்த விஷயத்தில் சற்று அதிர்ஷ்டசாலி. அதன் நீலம் பெர்லினில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயற்கையாக உருவான நீலம். நாகசாகி துறைமுகம் வழியாக ஜப்பானுக்கு வந்து, 1820களின் இறுதியில் விலை இறங்கியதும் எடோவின் பதிப்பாளர்கள் அதன்மேல் பாய்ந்தார்கள். பூ நீலத்தைவிட அது ஒளியை மிக நன்றாகத் தாங்கும். அந்தப் படத்தில் அவுரியும் சேர்ந்தே கையாளப்பட்டிருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. அலை இன்னும் நீலமாக இருப்பதால் படம் முழுவதும் அப்படியே இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. வானத்தில் மேலெழும் ஒரு மேகம் உண்டு, நன்றாகப் பேணிய பிரதிகளில் மெல்லிய இளஞ்சிவப்போடு. பெரும்பாலான பிரதிகளில் அது கண்ணுக்கே எட்டாது. உங்களுக்குத் தெரிந்ததா?

இன்னொரு முறை போனால் இப்படிப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் ஐந்து நிமிடம் விளக்கவுரைகளைப் படித்துக் கழியுங்கள்; கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு படத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, தாளின் பரப்பைச் சாய்வாகப் பாருங்கள். கோடுகள் தாளில் சற்றே பள்ளமாக இறங்கியிருப்பதும், சில படங்களில் மையே இல்லாமல் அழுத்தம் மட்டும் கொடுத்து எழுப்பிய பனியும் ஆடை மடிப்பும் அப்போதுதான் தெரியும். பெரிய சமநிறப் பரப்புகளில் மரத்தின் ரேகை ஓடுகிறதா என்று தேடுங்கள். மகளிடம் தலைப்புக் கட்டத்தின் கோடு அறுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் கண் இதில் எங்களைவிடக் கூர்மை.

அருங்காட்சியகக் கடையில் வாங்கும் படங்களில் இரண்டு வகை உண்டு. இயந்திர அச்சில் வந்தது ஒன்று. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் நிறம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். மற்றது, பழைய முறையிலேயே புதிதாகக் கட்டை செதுக்கி, கையால் அச்சிட்டது. டோக்கியோவில் அதாச்சி நிறுவனம் போன்றவர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள். இதை நகல் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஹொகுசாயின் கட்டையிலிருந்து வந்ததல்ல என்பது உண்மை, அதனால் அது அசல் அல்ல. ஆனால் 1830களில் ஒருவர் கடையில் வாங்கிய அன்று நீலம் எப்படி இருந்திருக்கும் என்று உணர, வெளிறிய அசலைவிடப் புதிய கையச்சே உதவும். சிக்கல் என்னவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இப்படி மறுசெதுக்கல்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கும் இப்போது நூறு வயது ஆகிவிட்டது. காகிதம் பழையது, பழுப்பேறியது என்பது மட்டும் எதற்கும் சான்றாகாது. 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஒரு தொடக்க காலப் 'பேரலை' 27 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போன பிறகு, வீட்டில் 'பேரலை' இருக்கிறது என்று சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். நான் இதுவரை பார்த்தவை எல்லாம் மறுசெதுக்கலோ இயந்திர அச்சோதான்.

உங்கள் மாமனாரின் படம் வேறு கதை. ஜப்பானியப் படத்தில் தாஜ் மகால் வருவது விந்தையல்ல. யோஷிதா ஹிரோஷி என்ற கலைஞர் 1930-31-இல் இந்தியாவுக்கு வந்து தாஜ் மகால், உதய்ப்பூர், காசி, அஜந்தா என்று சுற்றி, திரும்பிப் போய் அவற்றை மர அச்சுப் படங்களாக வெளியிட்டார். ஒரே கட்டைகளை வேறு வேறு வண்ணத்தில் அச்சிட்டுக் காலையையும் இரவையும் காட்டுவது அவருக்குப் பிடித்த முறை. பழைய எடோ வழக்கத்துக்கு மாறாக, செதுக்கலையும் அச்சையும் தன் கூடத்திலேயே வைத்து நேரடியாக மேற்பார்த்தவர் அவர். உங்களிடம் இருப்பது அவருடையதுதான் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பதையும், கூடவே அனுப்பிய, கண்ணாடி மினுங்கும் அந்த ஒரு புகைப்படத்தையும் வைத்து எவராலும் சொல்ல முடியாது; சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். அவர் காலத்தில், அவர் மேற்பார்வையில் வந்த பிரதிகளில் இடப்பக்க வெள்ளை விளிம்பில் 'ஜிசுரி' என்ற சிறு முத்திரை இருக்கும், தானே அச்சிட்டது என்று பொருள். கீழ் விளிம்பில் பென்சிலால் ஆங்கிலக் கையெழுத்தும் இருக்கும். 1950-இல் அவர் இறந்த பிறகு குடும்பத்தார் அதே கட்டைகளில் அச்சிட்டவற்றில் ஜிசுரி முத்திரை இல்லை, கையெழுத்தும் அச்சாகவே இருக்கும். அவையும் மர அச்சுகளே, அதே கட்டைகளிலிருந்து வந்தவையே. மதிப்பு மட்டும் குறைவு.

உங்கள் புகைப்படத்தில் அந்த வெள்ளை விளிம்பு எதுவும் தெரியவில்லை. சட்டம் போட்டவர் அட்டையைப் படத்தின் ஓரம் வரை இழுத்து மூடியிருக்கிறார். தயவுசெய்து நீங்களே பிரிக்காதீர்கள். நாற்பது ஆண்டுக்கு முந்திய சட்டங்களில் படத்தை அட்டையோடு பசை நாடாவால் ஒட்டியிருப்பார்கள். இழுத்தால் தாளின் நார் கூடவே வரும். இப்போதைக்குச் சுவரிலிருந்து இறக்கி, வெயில் எட்டாத ஓர் அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள், தரையில் ஈரம் ஏறாத இடமாக. காகிதச் சீரமைப்பு தெரிந்த ஒருவரிடம் எடுத்துப் போய், அந்த அட்டையை மட்டும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது மாமனாரையும் மகளையும் உடன் அழைத்துப் போங்கள். முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாஜ் மகாலுக்கு மேலிருக்கும் அந்த வானம் முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்பது அந்த அட்டைக்கு அடியில் தெரியும்.